வேல் அவரவருடையது, ஊசி பொது

1

போன வாரம் இங்கே முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் கொடியேற்றி, அலகு குத்துகிறவர்களுக்குக் காப்புக் கட்டினார்கள். அன்று நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் போன வருஷத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். "தமிழ்ல எழுதினா இங்க யாருண்ணா படிக்கப் போறாங்க, தாராளமா எழுதுங்க" என்று அவர் சிரித்தார். புனேத் தமிழர்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

நான் கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. சாகண் பக்கம் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஔந்தில் ஃப்ளாட். ஊருக்குப் போனால், "நீங்க என்ன அமெரிக்காவா போயிட்டீங்க, ரயிலேறினா மறுநாள் வந்துரலாம்" என்பார்கள். வாஸ்தவம்தான். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. ஆனால் பெற்ற பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்பதை ஆஸ்பத்திரியில் அடுத்தவர் பாஷையில் சொல்லத் தெரியாமல் விழிக்கும்போது, நிற்கிற இடம் எதுவானாலும் வெளிநாடுதான்.

பிள்ளை நிகில். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், இஞ்சினீயரிங் இரண்டாம் வருஷம். சண்டை, சிரிப்பு, கனவு எல்லாம் மராத்தியில். தமிழ் முழுக்கப் புரியும். பேசினால் பெரியவர், சின்னவர் பேதமில்லாமல் எல்லோரும் 'நீ'தான். என் அக்கா போனில் பேசும்போதெல்லாம், "உன் பையன் என்னைய நீ, வா, போங்கிறானே, நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க" என்று ஒரு குட்டு வைக்காமல் விடமாட்டாள். அப்படிப்பட்டவன் திடீரென்று ஒருநாள், "அப்பா, நான் ஜீப்ல அலகு போடப் போறேன்" என்றான். ஜீப் என்றால் இங்கே நாக்கு. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தமிழ் எழுதத் தெரியாவிட்டால் போகிறது, முருகனைத் தெரிகிறதே என்று நினைத்தேன்.

2

கோயில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பக்கம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வேலைக்கு வந்த வடாற்காட்டுக் குடும்பங்கள் கட்டியது. எங்களைப் போல் பின்னால் வந்த கம்பெனி ஆட்கள் அங்கே விருந்தாளிகள் மாதிரிதான். பிரசாதம் என்றால் முன்வரிசை, பாத்திரம் கழுவ வேண்டுமென்றால் பின்வரிசை. நிகில் மட்டும் குவார்ட்டர்ஸ் பையன்களோடு ஃபுட்பால் ஆடி அவர்களில் ஒருவனாகிவிட்டான்.

இங்கே அலகு குத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. நாக்கில் போடும் சின்ன வெள்ளி வேலை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். மஞ்சள் நீரில் கழுவி, பாலில் போட்டு, பூஜையில் வைத்துக் கொண்டுவருவார்கள். அந்தச் சுத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வேலின் முனை மழுங்கல், லேசில் இறங்காது. அதனால் பூசாரி முதலில் ஒரு தடித்த ஊசியால் நாக்கில் வழி செய்வார். பிறகு அந்த வழியில் வேலைச் செருகுவார். வேல் அவரவருடையது, ஊசி பொது. பூசாரியின் தாத்தா வைத்திருந்த ஊசி அது. ஒருவருக்குக் குத்திய பிறகு எலுமிச்சம்பழத்தில் ஒரு குத்து, விபூதியில் ஒரு புரட்டு, அவ்வளவுதான், அடுத்த ஆள். கம்பெனியில் ஒரு கீறல் தெரிந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிற ஆசாமி நான். போன வருஷம் உத்திரத்தன்று அங்கே நின்று கையைக் கூப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

வரிசையில் நிகில் நடுவில் இருந்தான். வாழ்நாளில் இரண்டாவது தடவை வேஷ்டி கட்டியிருந்தான். தண்ணீர் ஊற்றியதும் அது நழுவ ஆரம்பித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெல்ட் தேடி ஓடினான். வரிசை நகர்ந்து கடைசி ஆளுக்கு வந்தது. அந்தக் கடைசி ஆள் தனசேகர். தொழிற்சாலையில் ஃபிட்டர், நாற்பதைத் தாண்டியவர், கோயிலில் எந்த வேலையானாலும் முதலில் வந்து நிற்பவர். அலகு குத்த மட்டும் வருஷா வருஷம் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியாகத்தான் வருவார்.

அவர் நாக்கில் வேல் இறங்கிய நேரத்தில் நிகில் வேஷ்டிக்கு மேல் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்து அவருக்குப் பின்னால் நின்றான். பூசாரி ஊசியைப் பழத்தில் குத்தி எடுத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார். அப்போது தனசேகர் கையை விசிற ஆரம்பித்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூசாரியின் கையைப் பிடிக்கப் பாய்ந்தார். "சாமி வந்துருச்சு, புடி, புடி" என்று நாலு பேர் அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பம்பைக்காரர்கள் வேகம் கூட்டினார்கள். நானும் இரண்டு கைகளையும் தூக்கி அரோகரா போட்டேன். என் மனைவி சுமதி மொபைலில் வீடியோ எடுத்தாள். பூசாரி என் மகனின் நாக்கில் ஊசியை இறக்கினார்.

வீடியோவை அக்காவுக்கு அனுப்பினோம். "நிகிலுக்குப் பக்கத்துல ஆடறவரைப் பாத்தா எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு" என்று பதில் வந்தது.

3

அன்று சாயங்காலம் தனசேகர் போன் செய்தார். கீழே பார்க்கிங்கில் நிற்பதாகவும், தனியாக வரும்படியும் சொன்னார். அன்னதானத்துக்கு ஏதோ குறைகிறது போல என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஸ்கூட்டரைப் பிடித்தபடி நின்றிருந்தார். நாக்கு வீங்கி, பேச்சு குழறியது.

"சார், உங்க பையனுக்குக் குத்துன ஊசி எனக்குக் குத்துனது."

"எல்லாருக்கும் அதே ஊசிதானுங்களே?"

"அது இல்ல சார்." வாட்ச்மேன் கேபின் பக்கம் ஒருமுறை பார்த்தார். "எனக்கு எச்.ஐ.வி. இருக்குது. பல வருஷமா மாத்திரை சாப்புடறேன். கண்ட்ரோல்ல இருக்குதுன்னுதான் டாக்டர் சொல்றாரு. இருந்தாலும் ரத்தம் பட்ட ஊசி. தடுப்பு மாத்திரை இருக்குது சார். மூணு நாளுக்குள்ள ஆரம்பிக்கணும். எவ்ளோ சீக்கிரம் போடறோமோ அவ்ளோ நல்லது. இப்பவே கூட்டினு போங்க. உஷீர் கரு நகா, சார்." தாமதிக்காதீர்கள் என்பதைச் சொல்லப் பதற்றத்தில் அவருக்கு மராத்திதான் வந்தது.

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அதை மறைக்கவில்லை.

"தெரிஞ்சுட்டே எதுக்குய்யா வந்து அலகு குத்துறீங்க?"

"நான் சாகக் கெடந்தப்போ எங்கம்மா வேண்டிக்கினாங்க. பொழச்சேன். அதுலேருந்து வருஷா வருஷம் குத்தறேன். பூசாரிகிட்ட ஊசிய மாத்துங்கன்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. அதான், எனக்கு அப்புறம் யாரும் வரக்கூடாதுன்னு கடைசியா நிப்பேன். பெருந்தன்மையா வழி விடறேன்னு எல்லாரும் நெனச்சினு இருக்காங்க. உங்க பையன் வேஷ்டி கட்டப் போனது எனக்குத் தெரியல சார். தெரிஞ்சப்போ கத்த முடியல. நாக்குல வேலு."

பிறகுதான் சொன்னார்: அவருடைய மனைவியையும் டாக்டரையும் தவிர இது யாருக்கும் தெரியாது. வெளியே சொல்லாதீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபத்தில் முடியாது என்றிருப்பேன். கேட்காமல் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார். எனக்கு வாயைக் கட்டிப் போட்டது போல் ஆகிவிட்டது.

4

முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டர். சாமிக்காக, நாக்கில், ஊசி என்று என் ஹிந்தியில் சொன்னேன்: "பகவான் கே லியே, ஜீப் மே, சூயி." டாக்டர் நிகிலின் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை மடிப்பைப் பார்த்தார். போதை ஊசித் தழும்பைத் தேடுகிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. வாயைத் திறந்தால் பிள்ளைக்கு இன்னும் கெடுதல் செய்துவிடுவேன் போலிருந்தது. நிகில்தான் வீங்கிய நாக்கோடு சிரித்துக்கொண்டே, "தேவாசாட்டி, டாக்டர். நவஸ்" என்றான். சாமிக்காக, வேண்டுதல். டாக்டரின் முகம் மாறியது. அவர்கள் வீட்டிலும் யாராவது வேண்டுதல் வைத்திருப்பார்கள்தானே. பொறுமையாகக் கேட்டார். வாயைக் கழுவச் செய்தார். பிறகு, அந்த மாத்திரை எங்கள் மருந்தகத்தில் இல்லை, அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இருந்தது. ஆனால் அது அங்கேயே வேலை பார்க்கிறவர்களுக்கு ஊசி பட்டால் கொடுப்பதற்கான இருப்பு. "நீங்கள் எந்த வார்டு?" என்று கேட்டார் பணியில் இருந்தவர். வார்டு இல்லை, கோயில் என்றேன். வெளியாட்களுக்குக் காலையில் ஏ.ஆர்.டி. மையம் திறந்ததும்தான் என்றார். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் இடம் அது. மூன்று பாஷையில் கெஞ்சினேன். கம்பெனியில் குரலை உயர்த்தினால் லாரி திரும்பிப் போகும். இங்கே அந்த மனிதர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது, பிள்ளை இந்தப் பக்கம் இருந்தான், நடுவில் நான் ஒன்றுக்கும் உதவாமல் நின்றேன்.

மறுநாள் காலை மையம் திறக்கும் முன்பே போய்விட்டோம். உள்ளே ஒரு பெண் டாக்டர். நான் நாற்காலியை இழுத்து உட்காரப் போனேன். அவர் இங்கிலீஷில் மரியாதையாக, இவருக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, நான் இவரிடம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்றார். நான் நிகிலைப் பார்த்தேன். "நீ பாஹேர் இரு அப்பா. டென்ஷன் வேண்டாம்" என்றான்.

கதவு மூடிக்கொண்டது. ஒன்றாம் வகுப்பில் அவனை விட்டுவிட்டு வந்தபோதுகூட ஜன்னல் வழியாகப் பார்க்க முடிந்தது. இங்கே மராத்தி மட்டும் கேட்டது. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பிப் பார்த்தால் பெஞ்சின் கோடியில் தனசேகர். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தன்னுடைய பரிசோதனை முடிவுகளோடு வந்திருந்தார். குத்தப்பட்டவனுக்கு ஆபத்து எவ்வளவு என்று கணிக்க டாக்டருக்கு அது உதவும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் இருவரும் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

டாக்டர் அவருடைய முடிவுகளையும் பார்த்தார். அவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவதால் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, எனவே ஆபத்து மிக மிகக் குறைவு என்றார். இருந்தாலும் ரத்தம் பட்ட ஊசி, அதுவும் எத்தனையோ பேரைக் குத்தியது. அதனால் மாத்திரையை இப்போதே தொடங்கிவிடலாம். தினம் ஒன்று, இருபத்தெட்டு நாள், ஒரு நாளும் விடக்கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் சேர்த்து ரத்தப் பரிசோதனை. பிறகும் இரண்டு தடவை வந்து பார்க்க வேண்டும். இதையெல்லாம் நிகில்தான் எனக்குத் தமிழ்ப்படுத்திச் சொன்னான். இந்த வீட்டில் நான் தகப்பன், அவன் துபாஷி.

முதல் மாத்திரையை அங்கேயே தண்ணீரோடு விழுங்கினான். பிறகு போய்த் தனசேகரின் பக்கத்தில் உட்கார்ந்தான். "மாமா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டான். அவர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

5

அந்த மாதத்தை எப்படிக் கழித்தோம் என்று சுமதிக்கும் எனக்கும்தான் தெரியும். மாத்திரை போட்டால் அவனுக்குக் குமட்டல், தலைவலி. சுமதி ரசம் வைப்பாள், அரிசியும் பருப்பும் போட்டுச் சாதம் செய்வாள். தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போவான். நான் தினமும், "மாத்திரை போட்டியா கண்ணு?" என்று கேட்பேன். "ஹோ அப்பா" என்பான், ஆமாம் என்று. பிறகு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் யாரிடமோ மராத்தியில் தாழ்ந்த குரலில் பேசுவான். கம்பெனியில் சந்தேகம் வந்தால் மொத்தச் சரக்கையும் நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் உண்டு. வீட்டில் ஒரு மாத்திரை உள்ளே போய் வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்க எந்த வழியும் இல்லை.

எச்.ஐ.வி. இருப்பது யாருக்கு என்று சுமதியிடம் நான் சொல்லவில்லை. ஒருநாள் அந்த வீடியோவைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தனசேகர் கையை விசிறுகிற இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"ஏனுங்க, இவரு சாமி வந்து ஆடலைங்க. வேண்டாம் வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

நான் மொபைலை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

"நாம அரோகரா போட்டுட்டு நின்னோமுங்க" என்று அழுதாள். அக்காவோ அதற்குள் அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். யார் யாரோ கும்பிட்டுப் பதில் போட்டிருந்தார்கள். அழிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். விட்டுவிட்டோம்.

பரிசோதனைகள் எல்லாம் நல்லபடி முடிந்தன. கடைசிப் பரிசோதனையின் முடிவை எனக்குச் சொன்னது நிகில் இல்லை. "சார், நெகடிவ்! பையன் இப்பதான் போன் பண்ணான்" என்று தனசேகர் கத்தினார். அப்போது நான் சாகணில் கம்பெனி கேன்டீனில் நின்றிருந்தேன். பால்கனியில் யாரோடு பேசிக்கொண்டிருந்தான் என்று அப்போது தெரிந்தது. சந்தோஷத்தில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்கு முன்னால் அவருக்குச் சொல்லியிருக்கிறானே என்று நெஞ்சில் ஒரு எரிச்சலும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதன் பிறகு ஒரு பெட்டி புது ஊசி வாங்கிக்கொண்டு பூசாரியிடம் போனேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காகித உறையில் ஒட்டி வருகிற மருத்துவ ஊசி. எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஆளுக்கொரு ஊசி வைப்பதுதான் வழக்கம் என்று ஒரு புளுகு அவிழ்த்தேன்.

"இது கோயம்புத்தூர் இல்லீங்களே சார்" என்றார் பூசாரி. "எங்க தாத்தா மந்திரிச்ச ஊசி. இத்தினி வருஷத்துல யாருக்காச்சும் ஒரு சீழ் வச்சிருக்குதா? யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா, சொல்லுங்க."

சொல்ல என்னிடம் ஒரு பெயர்தான் இருந்தது. அது என்னுடையதில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

6

இந்த வருஷம் காப்புக் கட்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் தனசேகர் போன் செய்தார். "நான் இந்த வாட்டி குத்தல அண்ணா. இனிமே எப்பவும் இல்ல. ஊசிய மாத்தப்போறதில்ல அவரு. எனக்கு தைரியம் போயிடுச்சு." அவருடைய அம்மாவின் வேண்டுதல் என்ன ஆவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காப்பு அன்று பூசாரி மஞ்சள் கயிற்றோடு முதலில் கூப்பிட்டதே அவரைத்தான். "வாப்பா தனசேகரு."

"இந்த வருஷம் இல்ல சாமி. பல் வலி."

சிரிப்பு எழுந்தது. "பல்லுக்கும் நாக்குக்கும் இன்னாடா சம்பந்தம்?" என்றார் ஒருவர். "பொண்டாட்டி வாணாம்ட்டாளா?" என்றார் இன்னொருவர். தனசேகரும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன். ஊசியைப் பற்றி நான் இப்போது வாயைத் திறந்தால், விலகி நிற்கிறவர் யார் என்று எல்லோரும் பார்ப்பார்கள். திறக்காவிட்டால் அந்த ஊசி இன்னும் பத்துப் பையன்களின் நாக்கில் ஏறும். ஒரு வருஷமாக இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒரு வழியும் தெரியாமல் நின்றேன்.

"எனக்குக் கட்டு" என்று நிகில் முன்னால் போனான்.

சுமதி என் கையை அழுத்திப் பிடித்தாள். பூசாரிக்குப் பரம சந்தோஷம். கயிற்றை எடுத்தார்.

"ஆனா ஊசி நான் கொண்டு வருவேன்" என்றான். "புதுசு. பாக்கெட்ல இருக்கிறது."

"ஏன்டா? போன வருஷம் இதே ஊசிலதானே குத்திக்கினே?"

"அதான். எனக்குப் பயம்."

"இன்னா பயம்?"

"எல்லார் ஜீப்லயும் போற ஊசி, எனக்குப் பயம். புது ஊசி இருந்தா வரேன். இல்லன்னா வரமாட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இஞ்சினீயர் ஊசிக்குப் பயப்படறாரு" என்று அவனோடு ஃபுட்பால் ஆடுகிற பையன்களே கூவினார்கள். அவன் காது சிவந்துவிட்டது. நீட்டிய கையை மட்டும் எடுக்கவில்லை. நான் போய்ச் சொன்னபோது தாத்தாவின் மந்திரத்தை எடுத்த பூசாரி, பயந்த பிள்ளையிடம் அதை எடுக்கவில்லை. "சரி, கொண்டாந்து தொலை" என்று கட்டினார். உடனே பின்னாலிருந்து ஒரு அம்மா, "தம்பி, அப்போ எங்க பையனுக்கும் ஒண்ணு வாங்கினு வந்துருப்பா" என்றார். இன்னொரு அம்மாவும் கேட்டார். பூசாரி முணுமுணுத்தார், மறுக்கவில்லை.

"மாமா, உனக்கும் ஒண்ணு" என்றான் நிகில், கடையில் டீ சொல்வது போல.

தனசேகர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். மெல்ல வந்து பூசாரியின் முன்னால் கையை நீட்டினார். "பல் வலி போயிடுச்சா?" என்று யாரோ கேட்டார்கள். "போயிடுச்சு" என்றார்.

திரும்பி வரும்போது நிகில்தான் காரை ஓட்டினான். சுமதி பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்லி எவ்வளவு அழகாகக் காரியத்தை முடித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்லாச் சமாளிச்சே கண்ணு, பயம்னு சொல்லி" என்றேன்.

அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிஜமாவே பயம்தான் அப்பா. போன வருஷத்திலேருந்து டெய்லி. இப்பவும். நீ மாத்திரை போட்டியான்னு மட்டும்தான் கேட்டே."